வளைவில் நின்ற நீலப் புள்ளி

விழுந்த கதையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் திராட்சைப் பழத்தை மேசையில் வைத்த கையோடு அதைத்தான் கேட்டார்கள். பதினேழு நாட்களில் ஒரு நாற்பது தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் சைக்கிளின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியதால், கடைசியாக வந்த மச்சானுக்குச் சொல்லும்போது அது மோட்டார் பந்தயமாகிவிட்டது. உண்மை என்னவென்றால், நாயோடு நடந்துபோன ஒரு வயதான மனுசி என்னை முந்திக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் விழுந்தேன்.

எங்கள் பகுதியில், தென் லண்டனில், பெரிய வீதியின் ஓரமாக ஒரு சைக்கிள் பாதை இருக்கிறது. வீதிக்கும் பாதைக்கும் நடுவே ஒரு சிமெந்துக் கட்டு. குளிர் கூடும் என்று தெரிந்தால் கவுன்சில் என்கிற நகரசபையின் மஞ்சள் லொறி இரவில் வந்து வீதி நெடுகிலும் உப்புத் தூவிவிட்டுப் போகும். லொறி அகலம், பாதை ஒடுக்கம். அதனால் காலையில் வீதி கறுப்பாக, ஈரமாக, பத்திரமாக இருக்கும். பாதை வெள்ளையாக, அழகாக, ஆளை விழுத்தக் காத்திருக்கும். ரயில் பாலத்தின் கீழே பாதை வளைகிறது. அந்த இடத்தில் பாலத்திலிருந்து வருடம் முழுவதும் தண்ணீர் சொட்டும். எந்தக் கவுன்சில் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்றக் கவுன்சில்காரர்கள் தங்களை விட்டுவிட்டேன் என்று கோவிப்பார்கள்.

இதில் எனக்கு மன்னிப்புக் கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளன். பதினொரு வருடங்களாகக் குளிர்காலம் தோறும் ஒரு பரிசோதனைக்குச் சாமான் எடுத்துவைக்கிறேன்: முப்பது குவளை, முப்பது ஐஸ் கட்டி, முப்பது கரண்டி உப்பு. உப்புப் பட்டால் ஐஸ் உருகும், படாவிட்டால் லேசில் உருகாது. பதினொரு வயதுப் பிள்ளைகள் நாற்பது நிமிடத்தில் விளங்கிக்கொள்கிற இந்த உண்மையை, அன்றைக்கும் அதே பரிசோதனைக்குத்தான் போய்க்கொண்டிருந்த ஐம்பத்து மூன்று வயது மனிதன், பாலத்தின் கீழே மறந்துபோனான். முன் சில்லு ஒரு பக்கம் போனது. நான் போக நினைத்த பக்கம் அதுவல்ல.

வளைவுக்கு நேரெதிரே பாலன் அண்ணையின் பலசரக்குக் கடை. அவர் அப்போதுதான் கதவைத் திறந்திருந்தார். கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

“தம்பி, எழும்பாதை! எழும்பாதை!”

“எழும்ப ஏலுமெண்டால் எழும்பியிருப்பன் அண்ணை.”

வெறும் அரிசிச் சாக்குகளைக் கொண்டுவந்து எனக்குக் கீழே செருகினார். தன் கோட்டைக் கழற்றி மேலே போர்த்தார். நாய்க்கார மனுசி அம்புலன்சுக்கு அடித்தார். அது வருவதற்கு ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அந்த ஐஸில், பாஸ்மதி வாசனையில், என் கால் என்னுடையதல்லாத ஒரு திசையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அம்புலன்ஸ் கதவு மூடும்போது பாலன் அண்ணை பாதையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றார். அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்கு ஒரு கிழமை கழித்துத்தான் தெரியவந்தது.

அவசரப் பிரிவில் எக்ஸ்ரே, பிறகு ஸ்கேன், பிறகு காத்திருப்பு. அந்த மூன்றில் காத்திருப்பைத்தான் அவர்கள் மிகத் திறமையாகச் செய்கிறார்கள். பின்னேரம் சத்திரசிகிச்சை டொக்டர் வந்தார். என் மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். முழங்காலுக்குக் கீழே இருக்கிற பெரிய எலும்பின் மேல்முனை ஒரு மேசை மாதிரித் தட்டையானது, உடம்பின் பாரம் முழுவதும் அதில்தான் நிற்கிறது என்று படம் கீறிக் காட்டினார். என்னுடைய மேசை மூன்று துண்டாக உடைந்து, நடுப்பகுதி உள்ளே இறங்கிவிட்டதாம்.

“மேசையில் யானை ஏறின மாதிரியோ?” என்று கேட்டேன்.

அவர் கோப்பில் என் நிறை எழுதியிருந்த இடத்தைப் பார்த்தார். மரியாதையாகக் கோப்பை மூடினார்.

உடனே தகடு வைக்க முடியாது, வீக்கம் வற்றவேண்டும். அதுவரை எலும்பு அசையாமல் இருக்கத் தொடையிலிருந்து கணுக்கால்வரை வெளியே இரும்புக் கம்பி கட்டினார்கள். தோலைத் துளைத்து எலும்பிலேயே முடுக்கிய ஆணிகள், அவற்றை இணைக்கும் தண்டுகள். மயக்கம் தெளிந்து பார்த்தபோது, திருத்த வேலை நடக்கும் கட்டடத்துக்குச் சாரம் கட்டியதுபோல் இருந்தது. லண்டனில் பாதிக் கட்டடம் இப்படித்தான் நிற்கிறது, நானும் இப்போது இந்த ஊர்க்காரன்தான் என்று மனைவி வதனியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அழுதுகொண்டு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள்.

முதல் இரண்டு நாளும் மணிக்கொரு தடவை வந்து கால்விரலை ஆட்டச் சொன்னார்கள். காலின் தசைகள் இறுக்கமான உறைகளுக்குள் இருக்கின்றனவாம். உறை விரியாது. உள்ளே வீக்கம் கூடினால் போக வழியில்லாமல் இரத்த ஓட்டத்தையே நெரித்துவிடும். அப்படி நடந்தால் காலையே இழக்க நேரும். விரல் ஆடினால் இன்னும் ஆபத்தில்லை. நானும் ஆட்டினேன். வாழ்க்கையில் எதையும் இவ்வளவு சிரத்தையாகச் செய்ததில்லை. போக வழியில்லாமல் உறைக்குள் வீங்கிக்கொண்டிருந்த அந்தத் தசையின் நிலைமை எனக்கு நன்றாகவே விளங்கியது.

ஏனென்றால் நானும் அப்படித்தான் கிடந்தேன். மல்லாக்க மட்டும். வலப்பக்கம் திரும்ப முடியாது, இடப்பக்கம் திரும்பினால் கம்பி கட்டிலின் சட்டத்தில் கொளுவிக்கொள்ளும். என் இராச்சியம் கை எட்டுமளவு: தண்ணீர்க் குவளை, போன், சலம் கழிக்கிற போத்தல். இதில் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை இருட்டில் தவறவிடக்கூடாது என்று கற்றுக்கொள்ள எனக்கு ஒரு இரவு எடுத்தது. இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் வயிற்றில் ஊசி. பிரஷர் இருப்பதால் உப்பில்லாத சூப்.

கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் ஐந்தும் குளிரில் விறைத்தன. எந்தச் சப்பாத்தும் எந்தச் சொக்ஸும் அந்தச் சாரத்துக்குள் நுழையாது. மூன்றாம் நாள் வதனி மகளின் பழைய கம்பளிச் சொக்ஸ் ஒன்றை வெட்டி, ஓரம் தைத்து, விரல்களுக்கு மட்டும் ஒரு தொப்பி கொண்டுவந்தாள். தானே போட்டுவிட்டாள். அதில் ஒரு பூனை முகம் இருந்தது. காலையில் பார்வையிட வந்த பெரிய டொக்டர் விரலை ஆட்டச் சொன்னார். பூனை தலையாட்டியது.

ஆஸ்பத்திரிக் கட்டணம் இந்த நாட்டில் இல்லை. வலிக்குக் குளுசை இருந்தது. என்னை உண்மையில் உருக்கியது மகள் அபி.

அபிக்குப் பத்தொன்பது வயது. நேர்ஸிங் முதலாம் வருடம். பயிற்சிக்காக அவளை வேறொரு ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். ஏழரைக்கு ஷிப்ட். அவளும் அதே பாதையால், அதே வளைவால், சைக்கிளில் போகிறவள்.

“நாளைக்கு பஸ்ஸில போ பிள்ளை.”

“அப்பா, ரெண்டு பஸ். முதலாவது வரும், ரெண்டாவது வராது. லேட்டானா சைன் பண்ண விடமாட்டினம்.”

“அந்த வளைவில...”

“நீங்க விழுந்ததுக்கு நான் சைக்கிளை விடுறதோ? நீங்கதானே பழக்கினது. விழுந்தா எழும்பு எண்டு.”

“நான் எழும்பேல்லையே.”

வதனி இருவரையும் பார்த்தாள். “தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரே விசர்,” என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பாதையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. அவள் கோபம் அப்படித்தான், சத்தமில்லாதது.

கடைசியில் ஒரு உடன்படிக்கை. அபி எங்கே இருக்கிறாள் என்று என் போனின் வரைபடத்தில் தெரியும்படி போட்டுவிட்டாள். நீலப் புள்ளி அவள். பதிலுக்கு நான் வேலை நேரத்தில் அவளுக்குப் போன் அடிக்கக்கூடாது. “அம்மாவுக்கும் போட்டு விடவோ?” என்று கேட்டாள்.

“என்னை ஆடு மாடு மாதிரி மணி கட்டிப் பாக்கப்போறாரோ? எனக்கு உது வேண்டாம்,” என்றாள் வதனி.

அன்றிலிருந்து என் காலைகள் ஆறே முக்காலுக்குத் தொடங்கின. புள்ளி வீட்டிலிருந்து புறப்படும். பெரிய வீதிக்கு வரும். ஏழு மணியளவில் பாலத்தை நெருங்கும். அங்கே கொஞ்சம் மெதுவாகும். நான் மூச்சை நிறுத்திக்கொள்வேன். புள்ளி வளைவைக் கடக்கும். மூச்சு விடுவேன். இரத்த அழுத்தம் பார்க்க வரும் நேர்ஸ் ஜெஸிக்கு, ஏழு மணிக்கு எடுத்தால் ஒரு கணக்கு, ஏழு பத்துக்கு எடுத்தால் வேறு கணக்கு ஏன் வருகிறது என்று பிடிபடவில்லை.

அடுத்த கட்டிலில் ரொன் என்று ஒரு வெள்ளைக்காரர், இடுப்பு உடைந்தவர். சட்டத்தரணி அல்ல, முப்பது வருடம் லண்டனில் பஸ் ஓட்டியவர். சட்டம் பேசுவதற்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தகுதி. அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார். பனியாலும் ஐஸாலும் பாதையில் போகிறவர்களுக்கு ஆபத்து வராமல் பார்ப்பது கவுன்சிலின் கடமை, ஆனால் ‘நியாயமாக முடிந்த அளவுக்கு’. அந்த ஒரு தொடருக்குள்தான் எல்லாம் இருக்கிறதாம். எல்லா இடத்துக்கும் உப்புப் போட முடியாது என்பதால் அவர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பெரிய வீதி முதலில், சைக்கிள் பாதை பட்டியலிலேயே இருக்காது. பாதையைப் பட்டியலில் ஏற்றவோ நட்டஈடு கேட்கவோ வேண்டுமானால், இந்த இடம் ஆபத்து என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தும் விட்டார்கள் என்று காட்டவேண்டும்.

“நட்டஈடு கிடைத்தால் நல்லது,” என்றார் ரொன்.

எனக்கு நட்டஈட்டைவிட அந்தப் பட்டியல்தான் வேண்டியிருந்தது. குளிர் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நான் இங்கே ஆணி அடித்துக் கிடக்கிறேன். அபியை நிறுத்த என்னால் ஏலாது. ஐஸையாவது நிறுத்தவேண்டும். போனிலேயே கவுன்சிலின் தளத்தில் ஒரு முறைப்பாடு எழுதினேன். மோர்பின் ஏறியிருந்த நேரம். பிறகு வாசித்துப் பார்த்தால், இடம், நாள், நேரம் எல்லாம் சரியாக எழுதி, கடைசியில் “உங்கள் குடும்பத்தார் சுகமா?” என்று கேட்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. குடும்பத்தாரைப் பற்றி ஒன்றுமில்லை. நான் விழுந்த அன்றே காலை பத்தரைக்கு அவர்களுடைய உத்தியோகத்தர் ஒருவர் அந்த வழியால் போயிருக்கிறார். பாதையில் ஐஸ் இல்லை, தாராளமாக உப்புப் போடப்பட்டிருந்தது. ஆகவே முறைப்பாடு மூடப்பட்டது.

ரொன் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, “நீ உண்மையில் எங்கே விழுந்தாய்?” என்று கேட்டார்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேகத்தைத்தான் கூட்டினேன், ஐஸையுமா கூட்டினேன்? அன்றிரவு முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டு மறுபடி மறுபடி விழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலன் அண்ணை உழுந்து வடைப் பார்சலோடு வந்தார். நான் குறை முழுவதையும் சொல்லி முடிக்குமுன் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“உப்போ? அது நான் எல்லே போட்டனான்!”

“நீங்களோ?”

“நீ அம்புலன்சில ஏறின கையோட கடையில கிடந்த உப்பு முழுக்கக் கொண்டந்து கொட்டினன். சமையல் உப்பு தம்பி, அயடின் போட்டது. நல்ல சாமான். விளக்குமாறால வடிவாப் பரப்பியும் விட்டனான்.”

“அண்ணை...”

“இப்பவும் ஒவ்வொரு நாளும் ஆறரைக்குப் போடுறன். பிள்ளை போறவள் எல்லே.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சிரித்தால் ஆணி இழுக்கும், அழுதால் மூக்குத் துடைக்கும் தாள் எட்டாத தூரத்தில். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது வீண்போகவில்லை. என் மகளை இவ்வளவு நாளும் வளைவில் தூக்கி நிறுத்தியது இந்த மனிதர். என் வழக்கை முதல் நாளே உருக்கி ஊற்றியதும் இந்த மனிதர்தான்.

ரொன்னுக்கு மொழிபெயர்த்தேன். “சுலபம்,” என்றார். “நடந்ததைக் கவுன்சிலுக்கு எழுது. இந்த ஆளின் பெயரைப் போடு.”

பாலன் அண்ணையின் முகம் மாறியது. “என்ர பேரோ? ஐயோ தம்பி, வேண்டாம். கடைக்கு வாற ஒருத்தன் சொன்னவன், நாங்களா உப்புப் போட்டுப் பேந்து ஆரும் விழுந்தா எங்களிலதான் கேஸ் எண்டு.”

அது பழைய கட்டுக்கதை, நல்ல மனதோடு உப்புப் போட்டவனை யாரும் பிடித்துப்போவதில்லை என்று ரொன் சொன்னார். பாலன் அண்ணை கேட்கவில்லை. அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரப் பதினொரு வருடம் காத்திருந்தவர் அவர். “ஒவ்வொரு காலமையும் கடுதாசி விழுற சத்தத்துக்கு நெஞ்சு இடிக்கும். இப்பவும் கவுன்சில் கடுதாசியெண்டால் மனிசிதான் உடைக்கிறவ,” என்றார்.

ரொன் வேறு வழி சொன்னார். வியாழக்கிழமை கடும் குளிர் என்று செய்தியில் சொல்கிறார்கள். அன்று ஒரு நாள் மட்டும் உப்புப் போடாமல் விட்டு, ஐஸைப் படம் பிடித்து அனுப்பு. யாருடைய பெயரும் வேண்டியதில்லை.

எனக்கு அது மிகச் சிறந்த யோசனையாகப் பட்டது. மல்லாக்கக் கிடப்பவனுக்கு எல்லா யோசனையும் சிறந்ததாகத்தான் படும். பாலன் அண்ணை தலையைச் சொறிந்தபடி ஒத்துக்கொண்டார். அபி அன்றைக்கு மட்டும் பஸ்ஸில் போவதாகச் சொன்னாள். படத்தைப் பாலன் அண்ணை எடுப்பார்.

வியாழன் காலை ஆறே முக்காலுக்குப் புள்ளி புறப்பட்டது. பெரிய வீதிக்கு வந்தது. பஸ்ஸும் அந்த வீதியால்தான் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பஸ் தரிப்பிடத்தில் புள்ளி நிற்கவில்லை. சைக்கிளின் வேகத்தில் போனது. பாலத்தை நெருங்கியது. வளைவுக்கு வந்தது.

நின்றது.

நான் காத்திருந்தேன். புள்ளி அசையவில்லை. உடன்படிக்கையை மறந்து போன் அடித்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி. பாலன் அண்ணைக்கு அடித்தேன், அவரும் எடுக்கவில்லை. வரைபடத்தை விரலால் பெரிதாக்கினேன். பெரிதாக்கினால் மட்டும் புள்ளிக்குக் கீழே கிடப்பது யார் என்று தெரியுமா?

உப்புப் போடவேண்டாம் என்று சொன்னவன் நான். ஒரு படத்துக்காக அந்த வளைவில் நானே பொறி வைத்திருக்கிறேன்.

எழும்பினேன். அதாவது, எழும்ப உத்தரவிட்டேன். உடம்பின் பாதி கீழ்ப்படிந்தது. மற்றப் பாதியின் கம்பி கட்டில் சட்டத்துக்குள் போய்க் கொளுவிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அரைவாசி கட்டிலுக்கு வெளியே, தலைகீழாக, போனைப் பிடித்தபடி தொங்கினேன். ரொன் தன் மணியை அழுத்திக்கொண்டு கத்தினார். ஜெஸி ஓடிவந்தார்.

“எங்கே போகிறீர்கள்?”

“வளைவுக்கு.”

அவர் திட்டவில்லை. கம்பியை மெதுவாக விடுவித்து, என்னைத் திரும்பக் கிடத்தி, போர்வையை இழுத்துவிட்டார். பிறகு என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்துவிட்டு, போகாமல் பக்கத்திலேயே நின்றார். மூன்று பேரும் புள்ளியைப் பார்த்தோம். பதினொரு நிமிடம். பரிசோதனைக் குவளையில் ஐஸ் உருகுவதற்கும் அவ்வளவுதான் எடுக்கும். அதை எப்போதும் குறைந்த நேரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன் அடித்தது.

“அப்பா, பதினாலு மிஸ்ட் கோல்! ஆர் செத்தது?”

நான் போனை நீட்டினேன். ஜெஸிதான் வாங்கி, “அப்பா சுகம், நீ சுகமா?” என்று கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார்.

“பஸ்ஸில போறன் எண்டு சொன்னனி.”

“பாலன் மாமாவுக்குப் படம் எடுக்கத் தெரியாது அப்பா. போன முறை தன்ர காதைத்தான் எடுத்தவர். அதான் நானே எடுத்துப்போட்டுப் போவமெண்டு வந்தனான். இறங்கி உருட்டிக்கொண்டுதான் வந்தனான், சரியோ? போனைத் தூக்கிறன், ஒரு அக்கா சைக்கிளில வாறா, பின் சீட்டில சின்னப்பிள்ளை. நான் என்ன செய்யிறது? விழு எண்டு பாத்துக்கொண்டு படம் எடுக்கிறதோ?”

“பிறகு?”

“பாதைக்குக் குறுக்கால நிண்டு கையைக் காட்டி நிப்பாட்டினன். அவவுக்குப் பின்னால ரெண்டு பேர், அதுக்குப் பின்னால இன்னொராள். பாலன் மாமா உப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திட்டார். அவர் போட்டு முடியுமட்டும் நான் பொலிஸ் வேலை. லேட் அப்பா, வைக்கிறன்.”

புள்ளி நகர்ந்தது. போகிற வழியில் எங்கோ நின்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். எல்லோரையும் நிறுத்திவிட்டு எடுத்தது ஒன்றே ஒன்று. பாலத்து வெளிச்சத்தில் ஐஸ் கண்ணாடிபோல் மின்னுகிறது. அதன் விளிம்பில், குரங்குத் தொப்பியோடு, உப்பு மூட்டையை அணைத்துக் குனிந்தபடி பாலன் அண்ணை. முகம் தெளிவாக விழுந்திருக்கிறது. பின்னால் சீட்டிலிருந்த பிள்ளை அவரையே பார்க்கிறது. முகத்தை வெட்டினால் ஐஸில் பாதி போய்விடும். ரொன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் யோசனைக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஒத்துக்கொண்டவன் நான்தானே என்றேன்.

பின்னேரம் பாலன் அண்ணை வந்தார். படத்தைக் காட்டினேன். அனுப்பப்போவதில்லை என்றும் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார்.

“வயசு போயிட்டுது என்ன,” என்றார். பிறகு, “அந்தப் பிள்ளை எனக்கு டாட்டா காட்டினது தம்பி.” இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். “அனுப்பு.”

“பேர் வேண்டாமெண்டு...”

“பேரையும் போடு. கடை விலாசத்தையும் போடு. கள்ளச் சாமானோ வித்தனான்? உப்புத்தானே போட்டனான்.”

அவர் முன்னாலேயே அனுப்பினேன். அனுப்பும் பொத்தானை அவர்தான் அழுத்தினார். பிறகு கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

வீக்கம் வற்றியதும் இரண்டாவது சத்திரசிகிச்சை. இறங்கிய மேசையைத் தூக்கி, கீழே செயற்கை எலும்புத் தூள் அடைத்து, பக்கத்தில் தகடும் எட்டு ஆணியும். வெளிக்கம்பி போனது. பூனைத் தொப்பி முழு அளவில் ஏற இடம் கிடைத்தது. ஆனால் மூன்று மாதம் அந்தக் காலில் பாரம் வைக்கக்கூடாது. எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லாத கட்டடம். பிசியோதெரபி பிள்ளை, படியில் உட்கார்ந்து பின்பக்கமாக ஒவ்வொரு படியாக ஏறக் கற்றுத்தந்தாள். ஐம்பத்து நான்கு படி. நான் பின்புறத்தால் ஏற, வதனி காலை ஏந்திக்கொண்டு வந்தாள். இரண்டாம் மாடியில் அயலவர் ஒருவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, காலை வணக்கம் சொல்லி மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இந்த அறைதான். ஜன்னலால் பார்த்தால் அடுத்த கட்டடத்தின் சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும் தெரியும். ஆஸ்பத்திரியில் ரொன்னாவது இருந்தார்.

கவுன்சிலின் கடிதம் ஒரு மாதம் கழித்து வந்தது. பாதை முன்னுரிமைப் பட்டியலில் இல்லாததால் என் காலுக்கு அவர்கள் பொறுப்பல்லவாம். பட்டியலில் சேர்ப்பது அடுத்த குளிர்காலத்துக்கு முன் ‘பரிசீலிக்கப்படும்’. ஆனால் உள்ளூர் வர்த்தகர் ஒருவரின் சமூக அக்கறையைப் பாராட்டி, வளைவில் மஞ்சள் உப்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். பொதுமக்கள் தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பாலன் அண்ணைக்குத் தனியாக ஒரு நன்றிக் கடிதம். அவர் இரண்டு நாள் உடைக்காமல் வைத்திருந்து, மனைவியைக் கொண்டு உடைப்பித்து, இப்போது கடையில் பால் பெட்டிக்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கிறார்.

ஆக, கவுன்சிலின் பொறுப்பு ஒரு பெட்டிக்குள் வைத்து மூடப்பட்டு, திறக்கும் வேலை பாலன் அண்ணையிடம் வந்து சேர்ந்தது. அவருக்குச் சந்தோஷம். எனக்குத்தான் ஒரு கேள்வி. திரும்ப எழுதினேன்: ‘ஐயா, பாலன் அண்ணை தங்கை மகளின் கலியாணத்துக்கு இரண்டு கிழமை கனடா போகிறார். அந்த இரண்டு கிழமையும் பெட்டியை யார் திறப்பது?’ பதினைந்து வேலை நாட்களுக்குள் பதில் வரும் என்று ஒரு தானியங்கிப் பதில் வந்தது.

பாலன் அண்ணை பறந்து மூன்றாம் நாள், மார்ச் பிறந்த பிறகும், வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஆறரைக்கு விழித்தேன். காலைப் பார்த்தேன். ஐம்பத்து நான்கு படியை நினைத்தேன். பின்புறத்தால் இறங்கி, பின்புறத்தாலேயே பாலம்வரை போகலாமா என்றுகூடக் கணக்குப் பார்த்தேன். வதனி எழும்பிவிட்டாள் போலிருந்தது, குசினிப் பக்கம் வெளிச்சம். தேநீர் வரும் என்று போனை எடுத்தேன்.

வரைபடத்தில் இரண்டு புள்ளிகள்.

ஒன்று வீட்டில், அபி, இன்னும் புறப்படவில்லை. மற்றது பாலத்தின் கீழே, வளைவில். பெயரைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் புள்ளி ஒரு நகத்தளவு தூரம் முன்னால் போனது, பின்னால் வந்தது, மறுபடி முன்னால் போனது.

கதவடியில் அபி சப்பாத்துப் போடுகிற சத்தம். “அம்மா எங்க?” என்று கூப்பிட்டேன்.

“அவ ஆறு மணிக்கே வெளிக்கிட்டிட்டா. ராத்திரி என்னட்ட வந்து, போனில உந்தப் புள்ளியை எப்பிடிப் போடுறது எண்டு கேட்டவ,” என்றாள். கதவு மூடிக்கொண்டது.

ஏழு மணிக்கு இரண்டு புள்ளிகளும் வளைவில் ஒன்றன்மேல் ஒன்றாகின. சிறிது நேரம் ஒரே புள்ளிதான் இருந்தது. பிறகு ஒன்று பிரிந்து ஆஸ்பத்திரிப் பக்கம் விரைந்தது. மற்றது நின்றது.

நான் போன் அடித்தேன்.

“என்ன?” என்றாள் வதனி. மூச்சு வாங்கியது. உப்புப் பெட்டியின் மூடி விழுகிற சத்தம், பின்னால் ரயில் போகிற சத்தம்.

“ஒண்டுமில்லை. கவனமா வாரும். வழுக்கும்.”

“எனக்குச் சொல்ல வந்திட்டார். ஆட்டுக்கு மணி கட்டியாச்சு. பாத்துக்கொண்டு கிடவுங்கோ.”

அவள் வீடு வந்து சேரும்வரை பார்த்துக்கொண்டு கிடந்தேன்.